கார்மெனேர்: சிலி நாட்டுச் சிவப்பு ஒயினை அறிமுகம் செய்துகொள்ள ஒரு வழிகாட்டி

முதன்முறையாக ஒரு கார்மெனேர் பாட்டிலைத் திறந்து கோப்பையில் ஊற்றி மூக்கருகே கொண்டு செல்பவர்களில் பலருக்கு, பழத்தின் வாசனைக்கு முன்னால் வந்து சேர்வது அப்போதுதான் நறுக்கிய பச்சைக் குடைமிளகாயின் வாசனைதான். ஒயின் என்றால் திராட்சையும் பிளமும் மணக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வருபவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நானும் என் முதல் பாட்டிலைக் கெட்டுப்போனது என்றே எண்ணி, பாதிக்கு மேல் கொட்டிவிட்டேன். அந்த வாசனை பழுதன்று, அத்திராட்சையின் பிறவிக் குணம் என்பதும், அது எந்த அளவில் இருந்தால் நல்ல ஒயின், எந்த அளவைத் தாண்டினால் பழுக்காத காயைப் பிழிந்த ஒயின் என்று பிரித்தறிவதுதான் கார்மெனேரைச் சுவைக்கும் கலை என்பதும் எனக்குப் பிறகுதான் புரிந்தன. தென் அமெரிக்க ஒயினை மிகுந்த செலவில்லாமல் கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. ஒரே திராட்சை, ஒரே நாடு, எளிய விலை, அதற்குள்ளேயே பெரிய வேறுபாடுகள் என்று அனைத்தும் இதில் அமைந்திருக்கின்றன.

இது பிறந்த கதையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் கதையைத் தெரிந்துகொள்வது வீண் வேலையன்று. கோப்பையில் நீங்கள் உணரப்போகும் சுவைக்கான காரணங்கள் இந்தக் கதைக்குள்தான் இருக்கின்றன.

கார்மெனேர் பிறந்தது சிலியில் அன்று, பிரான்சின் போர்தோ வட்டாரத்தில். கபர்னே பிரான் என்னும் திராட்சைக்கும் குரோ கபர்னே என்னும் திராட்சைக்கும் இயற்கையாக நிகழ்ந்த கலப்பில் உருவானது இது என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. உலகமெங்கும் பெயர்பெற்ற கபர்னே சோவிஞோனும் மெர்லோவும் அதே கபர்னே பிரானின் வாரிசுகள் என்பதால், இந்த மூன்றும் ஒரு பெற்றோரைப் பொதுவாகக் கொண்ட உடன்பிறப்புகள் ஆகின்றன. இலையுதிர் காலத்தில் இதன் இலைகள் ஆழ்ந்த செந்நிறம் கொள்வதால், கருஞ்சிவப்பைக் குறிக்கும் ‘கார்மின்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பர்.

போர்தோவில் அக்காலத்து உழவர்களுக்கு இது சிரமம் தரும் பயிராகவே இருந்தது. பூக்கும் பருவத்தில் குளிரோ மழையோ சேர்ந்தால் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். அதையும் தாண்டிக் காய் பிடித்தால், மற்ற திராட்சைகள் பழுத்துப் பறிக்கப்பட்ட பிறகும் இது பச்சைத் தன்மை மாறாமல் கொடியிலேயே நிற்கும். 1860-களில் பில்லாக்சரா என்னும் நுண்ணிய வேர்ப்பேன் பிரான்சுக்குள் நுழைந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் அந்நாட்டின் திராட்சைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. அந்தப் பேனைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சையின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மறுபடியும் நடும் காலம் வந்தபோது, இவ்வளவு தொல்லை தரும் கார்மெனேரை மீண்டும் நட ஏறத்தாழ எவரும் முன்வரவில்லை. அது அழிந்துபோன வகை என்றே பிற்காலத்தில் கருதப்பட்டது.

ஆனால் பில்லாக்சரா வருவதற்கு முன்பே, 1850-களில், சிலியின் செல்வந்த நிலக்கிழார்கள் போர்தோவிலிருந்து கொடித் தண்டுகளைக் கப்பலில் வரவழைத்துத் தங்கள் நிலங்களில் நட்டிருந்தனர். அந்தக் கட்டுகளுக்குள் கார்மெனேரும் பெயரின்றிக் கலந்து வந்திருந்தது. மெர்லோவின் இலையும் இதன் இலையும் பார்வைக்கு நெருங்கியவை. ஆகவே சிலியில் இரண்டும் ஒரே தோட்டத்தில் கலந்து வளர்ந்தன, ஒன்றாகவே பறிக்கப்பட்டன, மெர்லோ என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டன. சிலியின் மெர்லோவில் மட்டும் ஏன் இந்தப் பச்சை வாசனையும் மிளகின் காரமும் இருக்கின்றன என்ற கேள்வி மட்டும் விடையில்லாமல் இருந்துவந்தது.

1994 நவம்பர் 24 அன்று அதற்கு விடை கிடைத்தது. திராட்சை வகைகளை இலை, பூ, காய் ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு அடையாளம் காணும் பிரெஞ்சு அறிஞர் ழான்-மிஷேல் புர்சிக்கோ, ஒரு மாநாட்டிற்காகச் சிலிக்கு வந்த இடத்தில், தலைநகர் சாந்தியாகோவுக்குத் தெற்கே மைப்போ பள்ளத்தாக்கிலுள்ள கார்மென் ஒயின் இல்லத்தின் தோட்டத்தைப் பார்வையிட்டார். நவம்பர் அங்கே கொடிகள் பூக்கும் மாதம். மெர்லோ என்று காட்டப்பட்ட கொடிகளின் பூக்களில் மகரந்தத் தாள்கள் நேராக நிற்காமல் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்ட அவர், இது மெர்லோ அன்று, காணாமற்போன கார்மெனேர் என்று அறிவித்தார். கண்டெடுக்கப்பட்ட தோட்டத்தின் பெயரும் திராட்சையின் பெயரும் ஒலியில் ஒத்திருப்பது தற்செயல்தான். சிலியின் வேளாண் துறை 1998-ல் இதைத் தனி வகையாக முறைப்படி ஏற்றுக்கொண்டது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேரில் கார்மெனேர் விளைகிறது. நவம்பர் 24-ஐக் கார்மெனேர் நாளாகவும் கொண்டாடுகிறார்கள்.

இதில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மெர்லோ பழுக்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்த காலத்தில், அதனுள் இருந்த கார்மெனேர் பாதிப் பழுப்பில்தான் இருந்தது. இரண்டையும் பிரித்து, கார்மெனேரை மட்டும் மேலும் சில வாரங்கள் கொடியில் விட்டு, ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் பறிக்கக் கற்றுக்கொண்ட பிறகே இதன் உண்மையான சுவை வெளிப்பட்டது. அதாவது உலகம் இதைத் தனி ஒயினாக அறிந்து முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஆகவே இதைக் கற்கத் தொடங்குபவர் மற்றவர்களைவிட வெகுதூரம் பின்தங்கிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

நிலத்தை வரைபடத்தில் பாருங்கள்

ஒரு வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடக்கில் அட்டகாமா பாலைவனம், கிழக்கில் ஆண்டிஸ் மலைத்தொடர், மேற்கில் பசிபிக் பெருங்கடல், தெற்கில் பனிப்பாறைகள் என்று நான்கு திசையிலும் இயற்கை அரண் சூழ்ந்த ஒல்லியான நாடு சிலி. இந்த அரண்களும் எல்லையில் கடைப்பிடிக்கப்படும் கண்டிப்பான தாவரத் தடுப்பு விதிகளும் சேர்ந்து பில்லாக்சராவை இன்றுவரை உள்ளே விடவில்லை. எனவே உலகின் பெரும்பாலான ஒயின் நாடுகளைப் போல ஒட்டுக்கட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல், இங்கே பல தோட்டங்களில் கொடிகள் தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

நாட்டின் நடுப்பகுதியில் மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் பெய்யும். கோடையும் அறுவடைக் காலமும் வறண்டவை. ஆண்டிஸின் பனி உருகி வரும் ஆற்று நீரே பாசனத்திற்கு ஆதாரம். பசிபிக் கரையோரமாக வடக்கு நோக்கி ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கடற்காற்றைக் குளிர்விக்கிறது. கோடைப் பகலில் 30 பாகை செல்சியஸை எட்டும் வெப்பம் இரவில் வெகுவாகத் தணிந்துவிடும். பகல் வெயில் பழத்தைப் பழுக்கவைக்க, இரவுக் குளிர் அதன் புளிப்பையும் மணத்தையும் காக்கிறது. பழுக்க நெடுங்காலம் கேட்கும் கார்மெனேருக்கு, இலையுதிர் காலம் வரை மழையின்றி நீளும் இந்த வானிலை ஒரு வரம். போர்தோவில் அதற்குக் கிடைக்காதது இதுதான்.

கார்மெனேருக்குப் பெயர்பெற்ற இரண்டு பள்ளத்தாக்குகளையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொல்சாகுவா. தலைநகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாந்தா குரூஸ் நகரைச் சுற்றி, திங்கிரிரிக்கா ஆற்றின் இருபுறமும் அமைந்த பகுதி இது. இங்கே அபால்ட்டா என்னும் குதிரை லாட வடிவ மலை வளைவு தனிப்புகழ் கொண்டது. இதன் ஒயின்கள் பொதுவாக முழுப்பழுப்பும் கனமும் கொண்டு, இனிய கரும்பழச் சுவையை முன்னிறுத்துபவை. மற்றொன்று அதற்கு வடக்கே உள்ள கச்சபோவால் பள்ளத்தாக்கு. அதில் பெயூமோ என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள நிலம்தான் கார்மெனேரின் மிகச் சிறந்த இடம் என்று பலரும் சொல்வர், நானும் அதையே சொல்வேன். ஆழமான களிமண் கலந்த அந்த மண் நீரைத் தேக்கி, கொடிக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. இதுதான் கார்மெனேருக்குத் தேவை. நீர் மிகுந்தால் இலைகள் பெருகிப் பச்சை வாசனை கூடும். நீர் வறண்டால் பழம் பழுக்கும் முன்பே கொடி சோர்ந்துவிடும். பெயூமோ என்பது அங்கே வளரும் ஒரு நாட்டு மரத்தின் பெயரும்கூட. இவ்விரண்டைத் தவிர மைப்போவிலும் மௌலேயிலும் நல்ல கார்மெனேர் உண்டு.

கடையில் லேபிளை வாசிப்பது எப்படி

முதலில் திராட்சையின் பெயரைத் தேடுங்கள். சிலியின் சட்டப்படி ஒரு திராட்சையின் பெயரை லேபிளில் இட, ஒயினில் குறைந்தது 75 விழுக்காடு அத்திராட்சையாக இருக்க வேண்டும். ஏற்றுமதிச் சந்தைகளின் விதிக்கு இணங்கப் பெரும்பாலான நிறுவனங்கள் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. மீதியில் சிறிதளவு கபர்னே சோவிஞோன், சிரா, பெத்தி வெர்தோ போன்றவை சேர்ந்திருக்கலாம். கார்மெனேர் இயல்பில் புளிப்புக் குறைந்தது என்பதால், அந்தச் சேர்க்கை பெரும்பாலும் ஒயினுக்கு நிமிர்வு தருவதற்காகச் செய்யப்படுவது. அதைக் கலப்படம் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவதாக ஊரின் பெயர். இடம் எவ்வளவு குறுகலாகக் குறிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது முழு உண்மை அன்று, ஆனால் தொடக்க நிலையில் நம்பத்தக்க வழிகாட்டி. ‘வாயே சென்ட்ரால்’, அதாவது மத்தியப் பள்ளத்தாக்கு என்று மட்டும் இருந்தால், மைப்போ முதல் மௌலே வரையிலான பரந்த பரப்பில் எங்கிருந்து வந்த திராட்சையும் கலந்திருக்கலாம். ‘ரப்பேல்’ என்றிருந்தால் கச்சபோவாலும் கொல்சாகுவாவும் அடங்கிய பகுதி. ‘கொல்சாகுவா’ என்றோ ‘பெயூமோ’ என்றோ இருந்தால் தயாரிப்பாளர் தம் இடத்தைப் பெயர் சொல்லி முன்னிறுத்துகிறார் என்று பொருள். சில லேபிள்களில் ‘கோஸ்தா’, ‘என்த்ரே கோர்தியேராஸ்’, ‘ஆண்டெஸ்’ என்ற சொற்களையும் காணலாம். முதலாவது கடலோரத்தையும், இரண்டாவது கடலோர மலைக்கும் ஆண்டிஸுக்கும் இடைப்பட்ட நிலத்தையும், மூன்றாவது ஆண்டிஸ் அடிவாரத்தையும் குறிக்கும். கார்மெனேருக்கு நடுவிலுள்ள வகையே பெரும்பாலும் கைகொடுக்கும்.

மூன்றாவதாக ‘ரிசெர்வா’, ‘கிரான் ரிசெர்வா’ என்ற சொற்கள். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஸ்பெயினின் ரியோஹா போன்ற வட்டாரங்களில் இச்சொற்கள் இத்தனை ஆண்டுகள் பீப்பாயிலும் பாட்டிலிலும் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பான கணக்கைக் குறிக்கின்றன. சிலியில் அத்தகைய ஆண்டுக்கணக்கு இல்லை. ஆகவே வெவ்வேறு நிறுவனங்களின் ரிசெர்வாக்களை ஒப்பிட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் எது மேலே, எது கீழே என்று அறிய மட்டும் அச்சொல்லைப் பயன்படுத்துங்கள். கிரான் ரிசெர்வா என்றால் பெரும்பாலும் ஓக் மரப் பீப்பாயின் தடம் கூடுதலாக இருக்கும். அது உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி. தொடக்கத்தில் மரத்தின் வாசனை குறைந்த ஒயினை வாங்கினால்தான் திராட்சையின் குணம் தெளிவாகத் தெரியும் என்பதால், ரிசெர்வா அளவோடு நிறுத்திக்கொள்ளவே நான் பரிந்துரைப்பேன்.

நான்காவது, அறுவடை ஆண்டு. எளிய விலைக் கார்மெனேர் நீண்ட காலம் வைத்துக் குடிப்பதற்காகச் செய்யப்படுவதில்லை. அறுவடையிலிருந்து 3 அல்லது 4 ஆண்டுகளுக்குள் உள்ளதை வாங்குங்கள். தென் அரைக்கோளத்தில் அறுவடை ஆண்டின் முற்பகுதியிலேயே நடப்பதால், ஒரே ஆண்டு பொறித்த சிலி ஒயின் ஐரோப்பிய ஒயினைவிட ஏறத்தாழ அரையாண்டு மூத்தது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆல்கஹால் அளவு பெரும்பாலும் 13.5 முதல் 14.5 விழுக்காடு வரை இருக்கும்.

எளிதில் கிடைக்கும் பெயர்கள் என்றால், 1883-ல் தொடங்கிய கோன்சா இ தோரோ நிறுவனத்தின் காசியெரோ தெல் தியாப்லோ வரிசை பல நாடுகளில் சிறு கடைகளிலும் உண்டு. அந்தப் பெயருக்குச் சாத்தானின் நிலவறை என்று பொருள். நிலவறையிலிருந்த நல்ல ஒயின்கள் திருடுபோகாமலிருக்க, அங்கே சாத்தான் குடியிருப்பதாக நிறுவனர் புரளி கிளப்பினார் என்பது அவர்கள் சொல்லும் கதை. கோனோ சுர், சாந்தா ரித்தா, காசா சில்வா, தெ மார்த்தினோ, மோன்தெஸ் ஆகியவையும் பார்க்கத் தக்கவை. மோன்தெஸின் பர்ப்பிள் ஏஞ்சல், கோன்சா இ தோரோவின் கார்மின் தெ பெயூமோ போன்ற உயர்விலை ஒயின்கள் இத்திராட்சை எதுவரை போக முடியும் என்பதைக் காட்டுபவை. ஆனால் பழகாத நாவுக்கு அவற்றின் விலைக்கேற்ற வேறுபாடு பிடிபடாது. அவற்றை ஓராண்டு கழித்து வாங்குங்கள்.

விலையைப் பற்றி ஒரு சொல். பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற இடங்களில் இது உண்மையிலேயே எளிய விலை ஒயின். இந்தியாவில் இறக்குமதி ஒயின் மீது நெடுங்காலமாக 150 விழுக்காடு சுங்க வரியும், அதன் மேல் மாநில வரிகளும் இருந்துவந்திருப்பதால், அதே பாட்டில் பல மடங்கு விலையாகிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி 2 லிட்டர் வரை மதுவகைகளைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம் என்பதால், விமான நிலையக் கடையே பலருக்கு நியாயமான வழி.

பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

வெயில் விழும் கண்ணாடி அலமாரியிலோ, சூடான விளக்கின் கீழோ மாதக்கணக்கில் நின்ற பாட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். கார்க் வாய்க்கு மேல் எழும்பியிருந்தாலோ, உறைக்கு அருகே பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருந்தாலோ அந்த ஒயின் சூட்டில் வெந்திருக்கிறது என்று பொருள். திருகுமூடி உள்ள பாட்டில் மலிவானது, தரமற்றது என்று ஒதுக்க வேண்டாம். வெப்ப நாடுகளில் வாழும் நமக்கு அது வசதியே.

குளிர்வித்துத் திறத்தல்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்ற பழைய விதி, குளிர்நாட்டின் கல்வீடுகளை எண்ணிச் சொல்லப்பட்டது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ அறை வெப்பம் 30 பாகை. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கைத் தாக்கும், பழச்சுவை கஞ்சி போலத் தளர்ந்துவிடும். கார்மெனேருக்கு 16 முதல் 18 பாகை பொருத்தம். குளிர்பெட்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அல்லது பனிக்கட்டியும் நீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம் வைத்தால் போதும். மிகவும் குளிர்ந்துவிட்டால் துவர்ப்பும் பச்சை வாசனையும் முன்னே வந்து பழத்தை மறைத்துவிடும். அப்படியானால் கோப்பையைக் கைகளால் பொதிந்து சற்று நேரம் பிடித்திருங்கள்.

திறந்தவுடன் சிறிதளவு ஊற்றி முகர்ந்து, அந்த முதல் வாசனையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீதியை அகலமான ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி அரை மணி நேரம் விடுங்கள். இதற்கென்று டிகேன்டர் வாங்க வேண்டியதில்லை. வாசனையற்ற, சுத்தமான எந்தக் குடுவையும் போதும். இந்த அரை மணி நேரக் காத்திருப்பைத்தான் நான் என் முதல் பாட்டிலுக்குக் கொடுக்கத் தவறினேன். காற்றோடு சேரச் சேரப் பழமும் மசாலா மணமும் எழும்பிவர, பச்சை வாசனை தன் இடத்திற்குப் பின்வாங்குவதைப் பல பாட்டில்களில் கண்டிருக்கிறேன்.

முகர்தலும் சுவைத்தலும்

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பார்த்தால் நிறம் அடர்ந்த சிவப்பாக, ஓரத்தில் ஊதாச் சாயலோடு தெரியும். நிறத்தில் அதிக நேரம் செலவிட வேண்டாம். கோப்பையை மெல்லச் சுழற்றி முகருங்கள்.

குடைமிளகாய் வாசனைக்குக் காரணமான பொருளுக்கு மெதாக்சிபைரசின் என்று பெயர். குடைமிளகாயிலும் இதே பொருள்தான் இருக்கிறது, ஆகவே இந்த ஒப்புமை வெறும் உவமை அன்று. இது ஒரு லிட்டரில் நானோகிராம் அளவில் இருந்தாலே மனித மூக்குக்கு எட்டிவிடும். கபர்னே குடும்பத்துத் திராட்சைகளின் பொதுச் சொத்தான இது கார்மெனேரில் கூடுதலாக உண்டு. காய் பழுக்கப் பழுக்க, வெயில் படப்பட, இதன் அளவு குறையும். அதனால்தான் சிலியின் உழவர்கள் காய்க்குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயிலுக்கு வழிவிடுகிறார்கள். இலையைக் கிள்ளுவதிலும் அளவு தப்பினால் கோடை வெயிலில் காய் வெந்துவிடும். ஒரு கோப்பை கார்மெனேரை முகரும்போது அந்த உழவர் எவ்வளவு நாள் பொறுத்திருந்தார் என்பதைத்தான் நாம் முகர்கிறோம்.

மூன்று நிலைகளைப் பிரித்தறியப் பழகுங்கள். பச்சை வாசனை மட்டுமே மேலோங்கி, வாயில் கசப்பும் கரடுமுரடான துவர்ப்பும் விஞ்சினால், அது பழுக்கும் முன் பறித்த திராட்சை. கரும்பிளம், கறுப்புச் செர்ரி, கோகோ, மிளகு இவற்றுக்கு நடுவே, வறுத்த சிவப்புக் குடைமிளகாயையோ உலர்ந்த மூலிகையையோ நினைவூட்டும் ஒரு கோடாகப் பச்சை வாசனை ஓடினால், அதுதான் சரியான நிலை. பச்சை வாசனை அறவே இல்லாமல், வேகவைத்த பழக்கூழும் சோயா சாஸும் போல மணத்து, நாவில் கனமாகப் படிந்தால், அது பழுப்பு மிஞ்சியது. சில தயாரிப்பாளர்கள் பச்சை வாசனைக்கு அஞ்சி இந்த மூன்றாம் நிலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் நிலையைவிட இதையே நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் அதில் திராட்சையின் முகமே தெரிவதில்லை.

வாயில் வைத்ததும் உடனே விழுங்காமல் சில நொடிகள் நாவெங்கும் பரவ விடுங்கள். ஆங்கிலத்தில் டேனின் என்று சொல்வதற்கு நம்மிடம் துவர்ப்பு என்ற அழகிய சொல் அறுசுவையிலேயே இருக்கிறது. வாழைப்பூவையும் நெல்லிக்காயையும் உண்டு வளர்ந்த நாவுக்கு அதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கபர்னே சோவிஞோனின் துவர்ப்பு ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும். கார்மெனேரின் துவர்ப்பு மென்மையானது, பட்டுத் துணியைத் தடவியது போல நாவில் படிந்து நீங்குவது. புதியவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

உண்மையான பழுதுகள் வேறு. ஈரத்தில் ஊறிய அட்டைப்பெட்டியின் வாசனை வந்தால் அது கார்க்கிலிருந்து வந்த கேடு. காடி போல மூக்கில் ஏறினால் ஒயின் புளித்துப்போயிருக்கிறது. இவ்விரண்டில் எது இருந்தாலும் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

மெர்லோவை அருகில் வைத்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். ஒரே நிறுவனத்தின், ஒரே வரிசையில், ஒரே ஆண்டைச் சேர்ந்த மெர்லோ ஒன்றும் கார்மெனேர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர்கள் நால்வர் சேர்ந்தால் செலவும் பகிர்ந்துவிடும், இரண்டு பாட்டிலும் ஒருவர் தலையில் விழாது. ஒருவர் மறைவாக ஊற்றித் தர, மற்றவர்கள் எது எதுவென்று சொல்லட்டும். மெர்லோவில் சிவந்த பிளம் போன்ற வட்டமான பழச்சுவை முன்னிற்கும். கார்மெனேரில் அதே வட்டத்திற்குள் மூலிகையும் மிளகும் புகையும் கலந்த இருண்ட ஒரு குரல் கேட்கும். தலைமுறை தலைமுறையாக இரண்டையும் ஒன்றென்று எண்ணியவர்கள் ஏன் அப்படி எண்ணினார்கள் என்பதும், ஏன் அது சரியில்லை என்பதும் ஒரே நேரத்தில் உங்களுக்கு விளங்கும்.

ஒரு கோப்பைக்கு 150 மில்லிலிட்டர் என்று கொண்டால், 14 விழுக்காடு ஒயினில் ஏறத்தாழ 17 கிராம் தூய ஆல்கஹால் உள்ளே போகிறது. பயிற்சி நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றினாலே சுவைக்கப் போதுமானது. இடையிடையே தண்ணீர் குடியுங்கள், அன்று வண்டி ஓட்டாதீர்கள்.

எந்த உணவோடு?

சிலியின் வீடுகளில் இதற்கு இயல்பான துணைகள் ஏற்கெனவே இருக்கின்றன. கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயமும் சீரகமும் சேர்த்து வதக்கி, ஆலிவ் காயும் அவித்த முட்டையும் வைத்து, அதன் மேல் துளசி இனத்து பேசில் இலையோடு அரைத்த சோளத்தைப் பரப்பிச் சுடும் ‘பாஸ்தெல் தெ சோக்லோ’ அவற்றில் முதன்மையானது. அதே இறைச்சிப் பூரணத்தை மாவுக்குள் மடித்துச் சுட்டால் எம்பனாதா. இறைச்சி உண்ணாதவர்களுக்குப் பச்சை மொச்சை போன்ற அவரைவிதை, சோளம், பூசணி, பேசில் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ‘போரோத்தோஸ் கிரனாதோஸ்’ உண்டு. மூலிகையும் சோளமும் ஒயினின் பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொள்வதால், தனியாகக் குடிக்கும்போது துருத்திக்கொண்டிருந்த வாசனை உணவோடு சேரும்போது இயல்பாகிவிடுகிறது. மப்பூச்சே மக்களின் புகையூட்டிய மிளகாய்ப்பொடியான மெர்கேன் தூவிச் சுட்ட இறைச்சியும் அருமையாக ஒத்துவரும்.

நம் சமையலில் மிளகும் சீரகமும் முன்னிற்கும் வறுவல்களோடு இது நன்றாகப் போகும். சுட்ட கத்தரிக்காயோடும் போகும். மிளகாய்க் காரம் மிகுந்த குழம்போடு மட்டும் வேண்டாம், ஏனெனில் ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டி, இரண்டின் சுவையையும் கெடுத்துவிடும். புளிப்பு மிகுந்த தக்காளிச் சாற்றுக்கும் இது ஈடுகொடுக்காது, அதற்கு வேறு ஒயின்கள் இருக்கின்றன.

மிஞ்சியதை என்ன செய்வது?

பாட்டிலை இறுக மூடிக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். 3 நாள் வரை நன்றாகவே இருக்கும். மறுநாள் மாலை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து, முதல் நாள் எழுதிய குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாய் மட்டும் சுவைத்துப் பாருங்கள். நன்றாகப் பழுத்த திராட்சையில் செய்த ஒயினாக இருந்தால், பச்சை வாசனை பெரும்பாலும் அடங்கி, கோகோவும் பிளமும் முன்வந்திருக்கும். பழுக்காததாக இருந்தால் பழம் போய், பச்சை மட்டும் எஞ்சியிருக்கும். லேபிளிலிருந்த ஊர், ஆண்டு, இந்த இரண்டாம் நாள் சுவை ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அந்த வரியைக் கையில் கொண்டுபோங்கள், முடிந்தால் பெயூமோ என்று எழுதிய பாட்டிலாகத் தேடுங்கள்.